மொழி புரியல… ஆனா மனசு புரியுது! கேசட்டில் கைமாறிய ‘இந்தியன் ஓஷன்’ - ரசிகர்களுக்கான ஒரு கையேடு

படத்துல ஹீரோ ஆடுற பாட்டு கிடையாது. ரீல்ஸுக்குத் தோதா 30 செகண்ட்ல முடியிற பாட்டும் கிடையாது. பல பாட்டு ஏழெட்டு நிமிஷம் ஓடும். ஒண்ணு இந்தியில இருக்கும், இன்னொண்ணு அராமிக்ல இருக்கும், சிலதுல வார்த்தையே இருக்காது. இப்படிப்பட்ட ஒரு பேண்டை 30 வருஷத்துக்கும் மேலா ரசிகர்கள் ஒருத்தர் காதுல இருந்து இன்னொருத்தர் காதுக்குக் கடத்திக்கிட்டே இருக்காங்க.

அந்த பேண்டோட பேரு ‘இந்தியன் ஓஷன்’. 1990-ல் டெல்லியில் தொடங்கியது. ‘மசான்’ படத்தின் ‘தூ கிஸி ரயில் ஸி’ பாட்டையோ, ‘பிளாக் ஃப்ரைடே’ படத்தின் ‘பந்தே’ பாட்டையோ ஸ்டேட்டஸில் வைத்திருந்தால், நீங்களும் ஏற்கெனவே அவங்க ரசிகர்தான். பேரு தெரியாமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார் பக்கம் போனால் குளத்தூர் வரும். அந்த மாதிரி ஒரு கரிசல்காட்டு ஊரில் இருந்துகொண்டு டெல்லி பேண்டைப் பற்றி ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கு. இந்த பேண்டின் முக்கியமான பாட்டுகள் பல, ஸ்டூடியோவில் பிறந்தவை அல்ல. ஆற்றங்கரையிலும் கோயிலிலும் போராட்டப் பந்தலிலும் சனங்க பாடிக்கொண்டிருந்ததை அவங்க காது கொடுத்துக் கேட்டு எடுத்துக்கொண்டவை. அதைக் காப்பாற்றியதும் கேட்டவங்கதான்.

யார் இவங்க?

கிடார் கலைஞர் சுஷ்மித் சென், தபலா வாசித்துக்கொண்டே பாடும் அசீம் சக்ரவர்த்தி. இந்த ரெண்டு பேர்தான் தொடக்கம். 1991-ல் பேஸ் கிடாரோடு ராகுல் ராம் வந்து சேர்ந்தார். 1994-ல் டிரம்ஸுக்கு அமித் கிலம் வந்தார். ரசிகர்கள் ‘அந்த நாலு பேர்’ என்று சொல்வது இவங்களைத்தான்.

நாலு பேரும் நாலு திசை. சுஷ்மித்தின் கிடாரைக் கண்ணை மூடிக் கேட்டால் சில இடங்களில் சரோட் மாதிரி இருக்கும். அசீம் தபலாவையும் பாட்டையும் ஒரே நேரத்தில் கையாள்வார். நம்ம ஊரில் உடுக்கை அடித்துக்கொண்டே பாடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ராகுல் ராம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஊர் திரும்பியதும் நர்மதை அணைக்கு எதிரான இயக்கத்தில் வேலை செய்தவர். அமித் டிரம்ஸ் மட்டும் இல்லாமல், வங்காள நாட்டுப்புறக் கலைஞர்கள் அக்குளில் இடுக்கி நரம்பை மீட்டி வாசிக்கும் ‘கப்குபி’யையும் மேடைக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்து நிலைமையையும் கொஞ்சம் பார்க்கணும். 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் நம்ம நாட்டுக் கல்லூரி விழாக்களில் ராக் என்றால் பெரும்பாலும் வெளிநாட்டு பேண்டுகளின் பாட்டை அப்படியே வாசிப்பதுதான். யார் அச்சு அசலாக வாசிக்கிறாரோ அவருக்குக் கைதட்டு. சொந்தப் பாட்டு எழுதிய பேண்டுகள் குறைவு. அதிலும் பெரும்பாலானவை இங்கிலீஷில் இருந்தன. பம்பாயின் ‘ராக் மெஷின்’, 1993-ல் ‘இண்டஸ் க்ரீட்’ என்று பேர் மாற்றிக்கொண்ட காலம் அது. இந்த நடுவில் தபலாவும் கிடாருமாக, இந்தியும் நாட்டுப்பாட்டுமாக வந்து நின்றால், கடைக்காரர் கேசட்டை எந்த அலமாரியில் வைப்பார்? ராக்கா, கஜலா, பக்தியா? எதிலும் சேராது. முதல் ஆல்பத்தை ஹெச்.எம்.வி. 1993-ல் வெளியிட்டது. அதன் பேரும் ‘இந்தியன் ஓஷன்’தான்.

கேசட்டில் கைமாறிய காதல்

ரெண்டாவது ஆல்பம் ‘டெசர்ட் ரெயின்’ வந்த கதை இன்னும் சுவாரஸ்யம். அது ஸ்டூடியோவில் பதிவானது இல்லை. 1997 ஜனவரி 1 அன்று டெல்லியில், நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவு நிகழ்ச்சியில் அவங்க வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. ஹாஷ்மி யார் என்று தெரியாதவர்களுக்கு: 1989 ஜனவரி 1 அன்று, டெல்லிக்குப் பக்கத்தில் தொழிலாளர் குடியிருப்பில் தெரு நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்துபோனவர். நம்ம பக்கம் முற்போக்கு எழுத்தாளர் கூட்டங்களில், வீதி நாடக மேடைகளில் இன்றைக்கும் அவர் பேரைக் கேட்கலாம்.

அந்த மேடைப் பதிவுதான் ஆல்பமானது. அந்தத் தலைமுறை ரசிகர்கள் இந்த மாதிரி இசையைக் கேட்ட வழி ஒன்றுதான். யாரோ ஒருத்தரிடம் ஒரிஜினல் கேசட் இருக்கும். டபுள் டெக் டேப் ரெக்கார்டர் வைத்திருக்கிற நண்பரைப் பிடித்து, வெறும் கேசட் வாங்கிப் பதிவு செய்யணும். அட்டையில் பேனாவால் பாட்டுப் பேரை எழுதணும். ரெண்டாவது காப்பியில் இரைச்சல் கொஞ்சம் கூடும். மூணாவதில் இன்னும் கூடும். நாடா சிக்கினால் பென்சிலைச் சொருகிச் சுற்றணும். அவ்வளவு பாடுபட்டு ஒருத்தர் உங்களுக்கு ஒரு கேசட்டைத் தருகிறார் என்றால், ‘இதை நீ கேட்டே ஆகணும்’ என்று அர்த்தம். அது ஃபார்வர்டு இல்லை, சிபாரிசு!

2000-ல் டைம்ஸ் மியூசிக் வெளியிட்ட ‘கண்டிஸா’தான் இந்த பேண்டை நாடு முழுக்கக் கொண்டுபோனது. தலைப்புப் பாட்டு கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய அராமிக் ஜெபம். ‘கண்டிஸா’ என்றால் புனிதம். டெல்லிக்காரங்க, கேரளத்து ஜெபத்தை, இயேசு பேசிய மொழியில் பாடுகிறார்கள். கேட்கிறவருக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கச்சேரியில் கூட்டம் சேர்ந்து பாடும்.

இது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. வேம்பார், வைப்பாறு மாதிரி கடலோர ஊர்களில் தாத்தா, பாட்டி காலத்தில் பூசை லத்தீனில்தான் நடந்தது. அர்த்தம் தெரியாமலேயே மனப்பாடமாகப் பாடினவங்க அவங்க. பாட்டுக்குள் போக மொழி ஒரு வாசல்தான். அது பூட்டியிருந்தால் மெட்டு வழியாகப் போகலாம்.

கரிசலுக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம்?

‘கண்டிஸா’ ஆல்பத்திலேயே ‘மா ரேவா’ என்று ஒரு பாட்டு இருக்கு. ரேவா என்பது நர்மதை ஆற்றின் இன்னொரு பேரு. நர்மதைப் பள்ளத்தாக்கில் சனங்க ஆற்றைத் தாயாக நினைத்துப் பாடும் பாட்டு. அணை எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த நாட்களில் ராகுல் ராம் காதில் விழுந்து, பேண்டுக்கு வந்து சேர்ந்தது.

நர்மதைக் கரையின் நிமாட் பகுதியும் கறுப்பு மண் பூமிதான். பருத்தி விளைகிற மண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழை விழுந்தால் காலில் அப்பிக்கொண்டு விடாது. குளத்தூர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அந்தப் பள்ளத்தாக்கின் பல கிராமங்கள் சர்தார் சரோவர் அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கின. 2019 செப்டம்பரில் அணை முதன்முறையாக முழுக் கொள்ளளவான 138.68 மீட்டரைத் தொட்டது. ஊர் தண்ணிக்குள்ள போயிடுச்சு. பாட்டு கேசட்டுக்குள்ள வந்ததால, இன்னைக்கும் உங்க போன்ல இருக்கு. ‘மா ரேவா’வைக் கேட்கும்போது இதை நினைத்துப் பாருங்க, அந்தக் குதூகலமான தாளமே வேற மாதிரி கேட்கும்.

‘டெசர்ட் ரெயின்’ ஆல்பத்தில் ‘போல் வீவில்’ என்று ஒரு பாட்டு. பருத்திக் காயைத் துளைக்கிற வண்டின் பேரு அது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பருத்திக் காட்டையே அழித்த அந்த வண்டைப் பற்றிக் கறுப்பின மக்கள் பாடிய நாட்டுப்பாட்டு ரொம்பப் பிரபலம். அந்த வண்டு நம்ம நாட்டில் இல்லை, இங்கே வில்லன் காய்ப்புழு. ஆனால் பருத்தி போட்டுக் கடன்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தலைப்பே பாதி கதையைச் சொல்லிடும்.

2010-ல் வந்த ‘பீப்லி லைவ்’ படத்துக்கு அவங்க கொடுத்த ‘தேஸ் மேரா’வையும் இந்த வரிசையில் வைக்கலாம். கடனில் நிலத்தை இழக்கப்போகிற ஒரு விவசாயியைச் சுற்றி டிவி கேமராக்கள் மொய்க்கிற கதை அது. மானாவாரி விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்க்கிற ஊரில், இந்தப் படம் வெறும் காமெடியாகத் தெரியாது.

ரசிகன் என்பவன் யார்?

‘ஃபேண்டம்’ என்ற வார்த்தை வருவதற்கு முன்னாலேயே கோவில்பட்டி வட்டாரத்தில் அந்தச் சங்கதி இருந்தது. நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில்தான் குடியிருந்தார். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போடும் நாகஸ்வரம் அவருடையதுதான். 1964-ல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே காலமானார். எந்த ஊரில் அவர் கச்சேரி என்றாலும் வண்டி கட்டிக்கொண்டு போய் விடிய விடியக் கேட்ட கரிசல்காட்டுச் சம்சாரிகளின் கதைகள் இந்தப் பக்கம் ஏராளம். இடைசெவல் கி.ராஜநாராயணன் அவருடைய நண்பர், பரம ரசிகர். பக்கத்தில் விளாத்திகுளம் சுவாமிகள் என்ற நல்லப்ப சுவாமிகளைத் தேடிப்போய்க் கேட்ட கூட்டமும் அப்படித்தான்.

அந்த ரசிகர்களும் இந்தியன் ஓஷன் ரசிகர்களும் செய்தது ஒரே வேலை: கேட்டதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் அடுத்தவரிடம் சொன்னது. சம்சாரி களத்துமேட்டில் உட்கார்ந்து முந்தின ராத்திரி கேட்ட தோடியைப் பற்றிப் பேசினார். ஹாஸ்டல் பையன் மொட்டை மாடியில் ‘கண்டிஸா பெரிசா, டெசர்ட் ரெயின் பெரிசா’ என்று சண்டை போட்டான். அந்தச் சண்டை இன்றைக்கும் முடியலை!

அசீம் போன பிறகு…

2009 டிசம்பர் 25 அன்று அசீம் சக்ரவர்த்தி இறந்தார். மாரடைப்பு. பேண்டின் குரலே போய்விட்டது.

அப்போது கையில் இருந்தது, அவர் இருக்கும்போதே பதிவு செய்து வைத்திருந்த ஏழு பாட்டுகள். அதை விற்றிருக்கலாம். ஆனால் 2010-ல் அந்த ஏழு பாட்டையும் மாதம் ஒன்றாக, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் டவுன்லோடு செய்துகொள்ளக் கொடுத்தார்கள். ஆல்பத்தின் பேரு ‘16/330 கஜூர் ரோடு’. டெல்லி கரோல் பாக்கில், பல வருஷம் அவங்க ரிகர்சல் பார்த்த பழைய வீட்டின் கதவு எண்.

இதைத் தியாகம் என்று மட்டும் பார்க்கக் கூடாது. கம்பெனியைத் தாண்டி நேரடியாக ரசிகனிடம் போவது ஒரு கணக்கும்கூட. பாட்டு பரவினால் கச்சேரிக்குக் கூட்டம் வரும், வருமானம் அங்கே இருந்து வரும். கேசட் காலத்தில் ரசிகர்கள் தாங்களாகச் செய்ததை, இந்த முறை பேண்டே செய்தது. இறந்துபோன நண்பனின் கடைசிக் குரல் கடை அலமாரியில் தூங்காமல், கேட்கிறவங்க கைக்கே போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு ஹிமான்ஷு ஜோஷி பாட வந்தார், துஹின் சக்ரவர்த்தி தபலாவுக்கு வந்தார். 2013-ல் சுஷ்மித் சென்னும் விலகினார். அந்த இடத்துக்கு நிகில் ராவ் வந்தார். ‘பழைய நாலு பேர் இல்லாமல் இது இந்தியன் ஓஷனே இல்லை’ என்கிறது ஒரு கூட்டம். ‘மசான் பாட்டைக் கேட்டுட்டு அப்புறம் பேசு’ என்கிறது இன்னொரு கூட்டம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. 2014-ல் ‘தண்டானு’, 2015-ல் ‘மசான்’, 2023-ல் ‘தூ ஹை’ என்று பேண்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கு என்பதுதான் உண்மை.

எங்கே இருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். இந்த வரிசையில் போங்க:

1. தூ கிஸி ரயில் ஸி (மசான், 2015): புதுசாக வர்றவங்களுக்கு சரியான வாசல். மென்மையான காதல் பாட்டு. எழுதியது வருண் குரோவர்.

2. பந்தே (பிளாக் ஃப்ரைடே): 1993 பம்பாய் குண்டுவெடிப்பைப் பற்றி அனுராக் காஷ்யப் எடுத்த படம். நீதிமன்றத் தடையால் காத்திருந்து 2007-ல்தான் தியேட்டருக்கு வந்தது. படத்துக்கு முன்னாலேயே பாட்டு வெளியே வந்துவிட்டது. வரிகள் பியூஷ் மிஷ்ரா.

3. மா ரேவா (கண்டிஸா, 2000): பஸ்ஸில் ஜன்னல் சீட், வெளியே கரிசல்காடு. வேற என்ன வேணும்?

4. கண்டிஸா: ராத்திரி, லைட்டை அணைத்துவிட்டு, ஹெட்போனில். பாதியில் நிறுத்தாமல் கேளுங்க.

5. ஹில்லே லே (கண்டிஸா): இந்திக் கவிஞர் கோரக் பாண்டேயின் போராட்டப் பாட்டு. பேண்டின் இன்னொரு முகம்.

6. ஜீனி (2003): கபீரின் புகழ்பெற்ற பாட்டு. நெசவாளி கபீர் உடம்பை ஒரு மெல்லிய துணியாகப் பார்க்கிறார்.

7. டெசர்ட் ரெயின் (1997): கடைசியாக இதற்கு வாங்க. மேடையில் ஒருத்தர் வாசிப்பதை இன்னொருத்தர் பிடித்துக்கொண்டு போவது காதில் விழ ஆரம்பித்தால், நீங்க உள்ளே வந்துட்டீங்க.

கூடவே ஜெய்தீப் வர்மா எடுத்த ‘லீவிங் ஹோம்’ என்ற 2010 ஆவணப்படத்தையும் பாருங்க. பேண்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது.

தமிழிலேயே இந்த மாதிரி வேணும்னா, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்திய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இருக்கு. கானாவையும் பறையையும் கிடாரோடு சேர்த்து, சாதியைப் பற்றி நேரடியாகப் பாடிய கூட்டம். ‘சனங்க பாட்டைத் தூக்கிட்டு மேடைக்கு வா’ என்கிற அதே வழிதான்.

நல்ல ரசிகன் செய்ய வேண்டியது

*பேரோடு பகிருங்க.* வெறும் லிங்க்கை அனுப்பாமல், யார் பாடியது, யார் எழுதியது, ஏன் பிடிச்சது என்று ரெண்டு வரி சேருங்க. கேசட் அட்டையில் பேனாவால் எழுதின மாதிரி. எல்லாருக்கும் அனுப்பாதீங்க, யாருக்குப் பிடிக்கும்னு தோணுதோ அவங்களுக்கு அனுப்புங்க.

*காசு கொடுக்க முடிஞ்ச இடத்தில் கொடுங்க.* சினிமாவுக்கு வெளியே இருக்கிற கலைஞர்களுக்குக் கச்சேரிதான் சோறு. சின்ன பேண்டு என்றால் டிக்கெட்டை ஓசியில் கேட்காதீங்க.

*பாட்டு எங்கே இருந்து வந்தது என்று தேடுங்க.* ‘மா ரேவா’வின் சொந்தக்காரங்க நர்மதைக் கரை மக்கள். அதைச் சொல்லாமல் பாட்டை மட்டும் கொண்டாடுவது பாதி ரசனைதான்.

*உங்க ஊர்ப் பாட்டைப் பதிவு செய்யுங்க.* எல்லாத்தையும்விட இதுதான் முக்கியம். குளத்தூர் பக்கம் உளுந்து, பாசிக் காட்டில் களை எடுக்கும்போது பாடத் தெரிந்த கடைசித் தலைமுறை இப்போது பேரன் பேத்தி எடுத்த ஆச்சிகள்தான். கும்மி, ஒப்பாரி, தாலாட்டு, கொடையில் பாடுகிற வில்லுப்பாட்டு… களைக்கொல்லி வந்த பிறகு களையெடுப்பே குறைந்துபோச்சு, பாட்டுக்கு எங்கே போக? ராகுல் ராம் காதில் ‘மா ரேவா’ விழுந்ததால் அது பிழைத்தது. உங்க ஆச்சியின் பாட்டு விழ வேண்டிய காது உங்களுடையதுதான்.

பெரிய மைக் எல்லாம் வேண்டாம். போனில் வாய்ஸ் ரெக்கார்டர் போதும். ஃபேனை அணைங்க, போனை ஒரு முழம் தள்ளி வைங்க, ஆச்சியிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்க. பேரு, ஊரு, தேதி, எந்த வேலைக்கு எந்த நேரத்தில் பாடுவாங்க என்பதையும் அவங்க குரலிலேயே சொல்லச் சொல்லுங்க. வெளியே போடுவதாக இருந்தால் அதற்கும் தனியாகச் சம்மதம் கேளுங்க. ஒப்பாரி என்றால் சில வீடுகளில் சும்மா பாடக் கூடாது என்பார்கள். வற்புறுத்தாதீங்க, தாலாட்டில் இருந்து ஆரம்பிங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காதில் ‘மா ரேவா’வை ஆச்சிக்குக் கொடுத்துப் பாருங்க. ‘என்னடே இது, ஒண்ணும் வெளங்கல… ஆனா நல்லாத்தான் இருக்கு’ன்னு சொன்னாங்கன்னா, அடுத்த பாட்டை அவங்களையே பாடச் சொல்லுங்க!